பதினேழாம் நம்பர்

"பதினேழாம் நம்பர், இன்னிக்கு மூணாவது தடவை. அங்க என்ன குடித்தனமா நடத்துறீங்க?"

கழிப்பறைக் கதவில் நான் கை வைத்த நேரம் பார்த்து ஒலிபெருக்கி கத்தியது. பதினேழாம் நம்பர் தையல் மெஷின் என்னுடையது. முந்நூறு மெஷினும் ஒரு நொடி நின்று ஓடின. சிலர் சிரித்தார்கள். என் மானம் கப்பலேறியது. சிறுநீரில் கிருமி, நிறையத் தண்ணீர் குடி என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதை எந்த மைக்கில் போய்ச் சொல்வது? கதவைத் திறக்காமலே திரும்பி வந்து உட்கார்ந்தேன். அன்றிலிருந்து பாட்டிலை நிரப்பி மெஷினடியில் வைப்பேன், தொடமாட்டேன்.

அந்தக் குழாய் ஸ்பீக்கரை மாட்டியது வேறு யாருமில்லை, கம்பெனி எலக்ட்ரீஷியன், என்னைக் கட்டிக்கொண்ட புண்ணியவான். தீப்பிடித்தால் அறிவிப்பதற்கு என்று சொல்லித்தான் மாட்டச் சொன்னார்களாம். "மூலை முடுக்கெல்லாம் தெளிவாக் கேக்குதுல்ல?" என்று என்னிடமே பெருமையடித்தார்.

நாலாம் நாள் காய்ச்சலில் விழுந்தேன். மாத்திரையோடு டம்ளரை நீட்டினார்.

"தண்ணி குடிக்காம உடம்பக் கெடுத்துக்கிட்டியே!"

"குடிச்சா போகணும். போனா உங்க குழாய் ஊரக் கூட்டும்."

"நான் என்ன பண்றது? மாட்டச் சொன்னா மாட்டுறவன். பேசுறது சூப்பர்வைசர்."

"ஆமா, தூக்குக்குக் கயிறு திரிச்சுக் குடுத்தது மட்டுந்தான் நீங்க."

வந்த ஆத்திரத்துக்கு டம்ளரை வீசியிருப்பேன். துடைப்பதும் நான்தானே என்று கீழே வைத்தேன்.

காய்ச்சல் விட்டு நான் வேலைக்குப் போன அன்று, அவர் ஏணியோடு வந்தார். எல்லார் எதிரிலும் மேலே ஏறி, ஒரே ஒரு போல்ட்டைத் தளர்த்தி, குழாயின் வாயை சூப்பர்வைசரின் அறைக்கு நேரே திருப்பினார். திறந்த கதவுக்குள் மேஜைமேல் மைக் தெரிந்தது.

"எதுக்குய்யா இந்தப் பக்கம் திருப்புற?"

"நீங்க பேசுறது உங்களுக்கும் கேக்கணும்ல சார்."

பதினோரு மணிக்குக் கழிப்பறைக்குப் போக எழுந்தேன். சூப்பர்வைசர் மைக்கைப் பிடித்தார்.

"பதினே..."

அவ்வளவுதான். குழாயிலிருந்து வந்த சத்தத்தையே மைக் திரும்பப் பிடிக்க, காது கிழிய ஊளை. மறுபடி பொத்தானை அமுக்கினார், மறுபடி ஊளை. காதைப் பொத்திக்கொண்டு அவர் என்னவோ கத்தினார், ஒன்றும் கேட்கவில்லை.

நான் நிதானமாகப் போய்விட்டு வந்தேன். என் வீட்டுக்காரர் ஏணியைப் பிடித்தபடி அங்கேயே நின்றிருந்தார். வேலை போய்விடும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என் கோபம் இன்னும் முழுதாக அடங்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே மெஷினடியிலிருந்த பாட்டிலை எடுத்து, நின்றபடி, கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.