இருபத்துமூன்று சிவப்புக் குறிப்புகள்

புதன்கிழமைகளில் இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை பல்கலைக்கழகத்தில் என் அறைக் கதவைத் திறந்து வைத்திருப்பேன். 'கட்டுரைகளுக்குப் புள்ளி எப்படி இடப்படுகிறது? நேரில் வந்து கேட்கலாம்' என்று அறிவித்தல் ஒட்டி ஏழு புதன் போய்விட்டது. ஒரு குருவிகூட வரவில்லை. எதிரே போட்ட கதிரையில் என் கைப்பைதான் இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வராவிட்டால் போங்கோ, எனக்கென்ன என்று திட்டிக்கொண்டே அடுத்த புதனும் கதவைத் திறந்தேன்.

யாழ்ப்பாணத்தில், கொழும்புத்துறையில் தனியாக இருக்கிறேன். அம்மா செத்த பிறகு வீட்டில் கதைக்க ஆளில்லை. கட்டுரை திருத்தும்போதுதான் யாரோடோ கதைப்பது மாதிரி இருக்கும். சப்பென்ற கட்டுரைக்கு ஒரு சரி போட்டுத் தள்ளிவிடுவேன். பிடித்துப்போனால் விடமாட்டேன். 'இது ஏன்?', 'இன்னும் சொல்லும்' என்று சிவப்புப் பேனாவால் ஓரமெல்லாம் எழுதுவேன். புள்ளியை மட்டும் தாளில் போடக்கூடாது. அது பரீட்சைச் சபை கூடிய பிறகுதான் வெளிவரும்.

அந்த எட்டாவது புதன் ஆரபி வந்தாள். பருத்தித்துறைப் பிள்ளை, இரண்டாம் வருடம். வாசலிலேயே நின்றாள்.

"மிஸ், துறைத்தலைவர் கொழும்புக்குப் போயிட்டாராம். இதிலை நீங்கள் ஒரு கையெழுத்து வைக்கவேணும்."

நாலு வருடச் சிறப்புப் பட்டத்தை விட்டு மூன்று வருடப் பொதுப் பட்டத்துக்கு மாறும் படிவம். அன்று நாலு மணியோடு முடிவு.

"விசரே உமக்கு? ஏன் மாறுறீர்?"

கோவைக்குள் இருந்து கட்டுரையை எடுத்துக் காட்டினாள். "இருபத்துமூண்டு இடத்திலை பிழை, மிஸ். எண்ணிப் பாத்தனான். எங்கடை வகுப்பு லோஜன்ரை தாளிலை ஒரேயொரு சரிதான். அவன் அந்தச் சந்தோசத்திலை கன்ரீனிலை எல்லாருக்கும் றோல்ஸ் வாங்கித் தந்தவன்."

லோஜனுக்கு நான் போட்டது நூற்றுக்கு முப்பத்தெட்டு. சிரிப்பு வந்தது, பிறகுதான் உறைத்தது. பள்ளிக்கூடத்திலும் ரியூசனிலும் சிவப்பென்றால் பிழை. நல்ல தாள் சுத்தமாகத் திரும்பி வரும். நானும் அப்படித்தானே படித்தேன். எப்படி மறந்தேன்?

கைப்பையை எடுத்துவிட்டுக் கதிரையைக் காட்டினேன். புள்ளித்திட்டத்தையும் ஒரு பென்சிலையும் கொடுத்தேன்.

"புள்ளி சொல்ல எனக்கு அனுமதியில்லை. நீரே போடும்."

கட்டுரையில், மீன் ஏலத்தில் விலை ஏறுவதைப் பக்கத்தில் நின்று பார்த்து எழுதியிருந்தாள். சொந்த யோசனைக்கு இருபத்தைந்தில் எட்டுப் போட்டாள்.

"நாசமாய்ப் போச்சு! திட்டத்திலை என்ன கிடக்கு, வாசியும்."

"பாடக்குறிப்பில் இல்லாததைத் தானே கண்டு சொன்னால் இருபதுக்கு மேல்..." நிறுத்தினாள். தாளைப் பார்த்தாள். எட்டை அழித்தாள். கூட்டிப் பார்த்தபோது அறுபத்தொன்பது வந்தது.

"உண்மையே மிஸ்?"

நான் போட்டது எழுபத்திரண்டு. "படிவத்தைக் கிழியும்" என்றேன்.

கிழித்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு. பிறகு அந்தச் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

"மிஸ், எங்கடை வகுப்புப் பிரசாந்தி போன கிழமையே தலைவரிட்டைக் கையெழுத்து வாங்கிப் படிவம் குடுத்திட்டாள். அவளின்ரை தாளிலை முப்பத்தொரு சிவப்பு."

பிரசாந்தியின் கட்டுரையை நான் இரண்டு தரம் வாசித்திருந்தேன். மூன்று வருடத்தில் என் கைக்கு வந்ததில் அதுதான் நல்லது. முப்பத்தொரு இடத்தில் அந்தப் பிள்ளையோடு கதைத்திருக்கிறேன், ஆனால் முகம் எதுவென்று எனக்குத் தெரியாது. வெட்கமாக இருந்தது.

மணி மூன்று பத்து. கொடுத்த படிவத்தை நாலு மணிவரை திருப்பி எடுக்கலாம். ஆரபி விடுதியில் இருந்த பிரசாந்திக்குப் போன் எடுத்து, அதை என்னிடம் நீட்டினாள்.

"ஆர் கதைக்கிறது?"

"நான்... உம்மடை கட்டுரையைத் திருத்தின மிஸ்."

பிரசாந்தி மெல்லக் கேட்டாள்:

"இன்னும் பிழை இருக்கோ, மிஸ்?"

"இல்லைப் பிள்ளை" என்றேன். ஆரபி போனை வாங்கி, "ஓடி வாடி, நாலு மணிக்குள்ளை படிவத்தைத் திருப்பி எடுப்பம்" என்றாள்.