கூரை உண்டு

சூறைக்காற்று தையல்காரம்மா வீட்டுக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போன வேகத்தில், எதிரே வந்த பறவைகளெல்லாம் ஓரமாக ஒதுங்கி நின்றிருக்கும். ஆறு நாள் கழித்து, சேதத்தைப் பார்த்து எழுத ஓர் அதிகாரி வந்தார். முன்னறையில் நின்று அண்ணாந்து பார்த்தார். கணவர் இழுத்துக் கட்டியிருந்த நீலத் தார்ப்பாய் தூறலில் படபடத்தது. அதிகாரி படிவத்தில் எழுதினார்: ‘கூரை உண்டு.’

தையல்காரம்மாவுக்குத் தலைக்கேறிய சூட்டில் நாலு சட்டைக்கு இஸ்திரி போட்டிருக்கலாம். இந்த ஒரு வரி அப்படியே நின்றுவிட்டால் புதுக் கூரைக்கு அரசு உதவி கிடைக்காது.

“சார், அது தார்ப்பாய்!”

“மேல ஏதோ ஒண்ணு மூடியிருக்குல்லம்மா? படிவத்துல உண்டு, இல்லை, ரெண்டுதான் இருக்கு.”

தையல்காரம்மா கணவர் பக்கம் திரும்பினாள். “ஏங்க, ஏறி அதை அவுத்து விடுங்க!”

“தூறுதேடி! மெஷின் நனைஞ்சிடுமே.”

“அதை நான் மூடிக்கிறேன். நீங்க ஏறுங்க!”

அவர் ஏணியில் ஏறி முடிச்சுகளை அவிழ்த்தார். தார்ப்பாய் சரிந்தது. அதில் தேங்கியிருந்த தண்ணீர், ஒரு குளத்தையே கவிழ்த்தது போல, அதிகாரியின் காலடியில் கொட்டியது. அவர் பதறிப்போய்ப் பையிலிருந்து குடையை எடுத்து விரித்தார்.

“வீட்டுக்குள்ள எதுக்கு சார் குடை? அதான் கூரை இருக்கே!”

“படிவம் நனையுதும்மா!”

“அதுக்கே இவ்வளவு பதர்றீங்களே, நாங்க மனுஷங்க சார்!”

அதிகாரி ‘உண்டு’வை அடித்து ‘இல்லை’ என்று எழுதினார். கணவர் மறுபடி கயிற்றை எடுத்தார்.

“இருங்க, இருங்க,” என்றாள் தையல்காரம்மா. “சார் இன்னும் கையெழுத்துப் போடல.”