பதினோரு விநாடி

"பதினோரு விநாடி சும்மாவே உட்கார்ந்திருக்காரும்மா. பார்க்கிறவங்க மூடிட்டுப் போயிடுவாங்க. வெட்டிடுங்க," என்றார் பயிற்சி நிலையத்தின் இயக்குநர்.

அவள் மவுஸைத் தொடக்கூட இல்லை. பேச்சுப் பயிற்சியாளராகப் படிப்பவர்களுக்குக் கணினிப் பாடம் தயாரிப்பது அவள் வேலை. அலுவலகத்தில் முதுகுக்குப் பின்னால் அவளுக்குப் 'பிடிவாதம்' என்று பெயர். அது தெரிந்துதான் அந்தப் பெயரைக் காப்பாற்றி வந்தாள்.

திரையில் இருந்தவர் அவளுடைய அண்ணன். பக்கவாதம் வரும்வரை, வாயைத் திறந்தால் மூடாத மனிதர். இப்போது ஒரு சீப்பைக் காட்டி "இது என்ன?" என்று கேட்டால், பதினோரு விநாடி தேடித்தான் சொல்கிறார். ஆனால் சொல்லிவிடுகிறார். படம் எடுக்கச் சம்மதித்தபோது ஒரே நிபந்தனைதான் போட்டார், எதையும் வெட்டக் கூடாது என்று. அவள் வாக்குக் கொடுத்திருந்தாள். நோயாளி தானாகச் சொல்லும்வரை காத்திருப்பதுதான் பாடமே. அதில் அந்தப் பதினோரு விநாடிக்குள் 'சொல்லை எடுத்துக்கொடு' பொத்தானை அழுத்துகிற மாணவர் தேற மாட்டார்.

"வெட்டினா என்னையும் வெட்டிடுங்க சார். வேலையே வேண்டாம்."

"பாசம் கண்ணை மறைக்குது. அவரையே கேட்டுடலாம்."

அனுமதிப் படிவத்தில் கையெழுத்துப் போட வந்த அண்ணன் வெளியில்தான் உட்கார்ந்திருந்தார். உள்ளே அழைத்தார்கள்.

"ஐயா, வீடியோவுல கொஞ்சம் வெட்டிக்கலாமா?"

அண்ணனின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. இரண்டு விநாடி. மூன்று.

"சரிங்கறாரு," என்றார் இயக்குநர். இருபது வருடம் பேச்சுப் பயிற்சி கொடுத்த மனிதர்!

அண்ணன் இல்லையென்று கையசைத்து, மறுபடி வாயைக் குவித்தார்.

"தண்ணி வேணுமா?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சொல்லை எடுத்துக்கொடுக்க அவளுக்கும்தான் நாக்கு துடித்தது, பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"ரெண்டு தடவை அழுத்திட்டீங்க சார். பாடத்துல நீங்க ஃபெயில்."

இயக்குநரின் முகம் சிவந்தது. அண்ணன் இன்னும் சொல்லைத் தேடிக்கொண்டிருந்தார்.

"வெட்ட..." என்றார் அண்ணன்.

இயக்குநர் வாயைத் திறந்தார். அவள் கையை உயர்த்தினாள். நிறுத்திக்கொண்டார்.

"...வேண்டாம்."

பிடிவாதம் எந்த வீட்டுச் சொத்து என்று அன்றைக்கு எல்லோருக்கும் புரிந்தது. இருந்தும் அண்ணன் பேனாவின் மூடியைத் திறக்கவில்லை. இயக்குநரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரிங்கய்யா. வெட்டல," என்றார் இயக்குநர்.

அதன்பிறகுதான் அண்ணன் மூடியைத் திறந்தார். இடது கையால், ஒவ்வோர் எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார். போட்டு முடிக்கும்வரை இயக்குநர் வாயைத் திறக்கவே இல்லை.