பூஜ்யம் போட்ட வளையம்

எட்டாவது மரத்திலும் முப்பத்தொன்றுதான் வந்தது. நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்துத் துடைத்துவிட்டு, பட்டைப் பக்கத்திலிருந்து மறுபடி எண்ணினேன். பத்து வருடத்துக்கு ஒரு பென்சில் புள்ளி வைப்பது எங்கள் வழக்கம். மூன்று புள்ளி, அதற்கடுத்த வளையத்திலேயே தழும்பு. சனியன், முப்பத்திரண்டு என்று வந்தால் என்ன குடியா முழுகிவிடும்?

மலை எந்தக் காலத்தில் குளிர்ந்தது, எப்போதிலிருந்து சூடேறியது என்று மரங்களைக் கேட்கும் ஆய்வகம் எங்களுடையது. மரத்தைத் துளைத்துப் பென்சில் பருமனில் எடுத்து வரும் குச்சிகளைத் தேய்த்து வளையம் எண்ணுவது என் வேலை. இதமான வருடம் அகலமாக இருக்கும், குளிர் வருடம் மயிரிழையாக இருக்கும். இந்த எட்டுக் குச்சிகளும் ஒரு பனியேரிக்குக் கீழே ஆற்றங்கரையில் நிற்கும் மரங்களிலிருந்து வந்தவை. பனி உருகி ஏரி உடைந்தபோது உருண்டு வந்த பாறைகள் அவற்றை அடித்திருக்கின்றன. அடிபட்ட வருடத்து வளையத்தில் பிசின் கட்டித் தழும்பு நிற்கும். அது எந்த வருடம் என்று தெரிய வேண்டும். எனக்கு, ஆய்வுக்காக மட்டுமில்லை.

அப்பா அந்த ஆற்றின் அணையில் மதகுக் காவலராக இருந்தார். முப்பத்திரண்டு வருடங்களுக்கு முன் ஒரு விடியற்காலையில் வெள்ளம் வந்து, கீழே தொழிலாளர் குடியிருப்பில் பதினொரு பேர் போய்விட்டார்கள். மேலே பனியேரி உடைந்துவிட்டது, மதகைத் திறக்க நேரமே இல்லை என்றார் அப்பா. வெறும் மழைவெள்ளம், காவலர் தூங்கிவிட்டார் என்றது விசாரணை. வேலை போயிற்று. குடியிருப்பையும் காலி செய்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்தப் பள்ளத்தாக்கில் என்ன நடந்தது என்று பார்க்க ஓர் ஆளில்லை. அன்றிலிருந்து அப்பா தெருவில் யார் முகத்தையும் பார்த்து நடந்ததில்லை. பகலில் அவர் ஒரு முறைகூடக் கண்ணயர்ந்தும் நான் பார்த்ததில்லை.

போன மாதம் முதல் மரத்தை எண்ணியபோதே முப்பத்தொன்று வந்தது. ஆனால் தழும்பையொட்டி வளையங்கள் நெருக்கமாக இருந்தன. மிகக் குளிர்ந்த வருடத்தில் சில மரங்கள் வளையமே போடாமல் விட்டுவிடும். அந்த இடத்தில் சிவப்புப் பென்சிலால் பூஜ்யம் போட்டு ஒரு வருடத்தைச் சேர்த்துக்கொள்வோம். மற்ற மரங்களில் அந்த வளையம் இருப்பதைப் பார்த்த பிறகுதான் போட வேண்டும். இது எங்கள் தொழிலில் அரிச்சுவடி. நான் முதலில் போட்டுவிட்டேன். போட்டதோடு விட்டேனா, குச்சியைப் பெரிதாகப் படமெடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய், "அப்பா, மரத்துல இருக்குப்பா! நீங்க சொன்ன அதே வருஷம்!" என்று கத்தினேன். அவர் படத்தை மடியில் வைத்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். மறுநாள் முகம் மழித்துக்கொண்டு தெருவில் இறங்கி, எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் காட்டினார். அவசரக்குடுக்கை என்று அம்மா இருந்திருந்தால் என் மண்டையில் குட்டியிருப்பாள்.

எங்கள் தலைமை ஆய்வாளருக்கு நாங்கள் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. எட்டுக் குச்சிகளையும் வரிசையாகப் பார்த்து முடித்தார்.

"எட்டும் ஒரே பேச்சுதான் பேசுதும்மா. அந்தப் பூஜ்யத்தை எடுத்துடு."

"எட்டு மரமுமே அந்த வருஷம் விட்டிருக்கலாமே சார்?"

"விட்டிருக்கலாம். எட்டும் கூடிப் பேசி, உங்கப்பாவுக்காகவா?" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "வீட்டுக்குப் போம்மா. நாளைக்கு எடுத்துக்கலாம்."

ஏரி உடைந்தது வெள்ளத்துக்கு மறுவருடம். பதினொரு பேர் செத்த அன்று அது முழுசாகத்தான் மேலே கிடந்தது. பேருந்து வீட்டை நெருங்கும்வரை இதையே எப்படிச் சொல்வது என்று யோசித்தேன்.

கதவு திறந்தே இருந்தது. அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் மேசைமுன் உட்கார்ந்திருந்தார். எதிரே அந்தப் படம், ஒரு கையில் லென்ஸ், மற்றதில் தையல் ஊசி.

"வந்துட்டியா? நல்ல நேரத்துல வந்தே. அந்தப் பதினோரு வீட்ல ரெண்டு வீட்டு விலாசம் கெடச்சிருக்கு. நாளைக்குப் போறேன். எப்படிய்யா நம்புறதுன்னு கேட்டா, நானே எண்ணிக் காட்டணும் இல்ல? அதான் பழகிட்டிருக்கேன்."

செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றேன்.

"எல்லாம் சரியா வருது. இந்தச் செவப்பு மட்டும்தான் புரியல. இங்க கோடே காணோமே?"

"அது... நான் வச்சதுப்பா."

"மரம் வைக்கலையா?"

"இல்லப்பா."

அவர் ஏன் என்று கேட்டிருக்கலாம், திட்டியிருக்கலாம், எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். லென்ஸைச் சட்டை நுனியால் துடைத்தார். ஊசியைப் பட்டைக்குக் கொண்டுபோய், இந்த முறை வாய்விட்டு எண்ணத் தொடங்கினார். ஒன்று, இரண்டு, மூன்று. பத்தில், முதல் புள்ளியில், மூச்சு வாங்கினார். இருபதில் குரல் இறங்கிவிட்டது.

"முப்பது," என்றார்.

ஊசிமுனை சிவப்பின்மேல் நின்றுவிட்டது.