பொம்மைக்கு வைத்த பெயர்

"பேரு! மொதல்ல பேரச் சொல்லு!"

சுபேதார் வெள்ளைத்துரை போட்ட சத்தத்தில் பயிற்சி அறையின் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கட்டிலில் கிடந்த ரப்பர் பொம்மை அசையவில்லை. அதன் எதிரே மருந்துத் தட்டை ஏந்தி நின்ற அவருடைய மருமகள் முத்துப்பிரியாவும் அசையவில்லை. நேற்றும் இப்படித்தான் நின்றாள். முந்தாநாளும் இப்படித்தான்.

ராணுவ மருத்துவமனையில் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் வெள்ளைத்துரை. போடியில் இருந்த ஓர் அறக்கட்டளை ஆஸ்பத்திரி, வார்டு உதவியாளர் வேலைக்குப் பெண்களைத் தயார் செய்ய அவரை அழைத்திருந்தது. வந்த பெண்களில் முப்பது வயதுக்குக் கீழே யாரும் இல்லை. குரங்கணியில் ஏலக்காய் எடுத்தவர்கள், தேவாரத்தில் தையல் மிஷின் ஓட்டியவர்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வருகிறவர்கள். அந்தக் கூட்டத்தில் தன் வீட்டுப் பெண்ணும் வந்து நின்றது அவருக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. தேறினால் மாமனார் தூக்கிவிட்டார் என்பார்கள். தோற்றால் சொல்லவே வேண்டாம், சொந்த ஊரான ராசிங்காபுரம் முழுக்கச் சிரிக்கும்.

அவர் சொல்லிக் கொடுத்தது ஒன்றும் கம்ப சூத்திரமில்லை. மாத்திரை கொடுக்கும் முன் நோயாளியைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். "ஆமா" என்று பதில் வந்தால்தான் கொடுக்க வேண்டும். பொம்மைக்கு வாய் கிடையாது என்பதால், கட்டிலுக்குப் பக்கத்தில் விறைப்பாக நின்று "ஆமா" சொல்வது வெள்ளைத்துரையின் பொறுப்பு. கட்டிலின் தலைமாட்டு அட்டையில் நோயாளியின் பெயராகத் தன் பெயரையும், தகப்பனார் பெயராகத் தன் தகப்பனார் பெயரையுமே எழுதி வைத்திருந்தார். நோயாளிப் பொம்மைக்கு ஊரான் பெயரை வைத்தால், நாளைக்கு அவன் வீட்டார் சண்டைக்கு வருவார்கள் அல்லவா?

ஆஸ்பத்திரிப் பயிற்சிகளை மேற்பார்வை செய்யச் சென்னையிலிருந்து வந்திருந்த ராம்பிரசாத் அவரைத் தனியே அழைத்தான்.

"சார், பெரியவங்களுக்குச் சொல்லிக் குடுக்கிறது வேற மாதிரி. சிலர் பார்த்துக் கத்துப்பாங்க, சிலர் கேட்டுக் கத்துப்பாங்க, சிலர் செஞ்சு கத்துப்பாங்க. யாரு எந்த ரகம்னு தெரிஞ்சுக்கிட்டா, அதுக்கேத்த மாதிரி நாம மாறிக்கலாம்."

"நாம எதுக்குத் தம்பி மாறணும்? கத்துக்க வந்தவுக அவுகதான?"

ராம்பிரசாத் சிரித்துக்கொண்டே கேள்வித்தாளை எல்லாருக்கும் கொடுத்தான். குரங்கணி முனியாயி அதை மேலும் கீழும் பார்த்தாள். அந்த வகுப்பிலேயே மூத்தவள், வாயிலும் மூத்தவள்.

"நான் திட்டு வாங்கிக் கத்துக்கிற ஆளு தம்பி. அதுக்குக் கட்டமே போடலையே?"

முத்துப்பிரியா 'பார்த்து' என்ற கட்டத்தில் டிக் அடித்திருந்தாள். வெள்ளைத்துரை பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு முழு அட்டையில் படம் வரைந்து சுவரில் மாட்டினார். அவள் படத்தைப் பார்த்தாள், பொம்மையைப் பார்த்தாள், வாய் திறக்கவில்லை. கேட்டுக் கற்கிற ரகமோ என்று தன் குரலைப் போனில் பதிவு செய்து கொடுத்தார். அவள் வீட்டில் இட்லி ஊற்றும்போதும் அதைப் போட்டுக் கேட்டாள். சமையலறையிலிருந்து தன் குரலே தன்னை அதட்டுவதைக் கேட்டபடி காப்பி குடிக்க வேண்டியிருந்தது அவருக்கு. அதுவும் பலிக்கவில்லை. கடைசியில் அவரே தட்டை வாங்கி எல்லாவற்றையும் செய்து காட்டினார். அவளும் செய்தாள். கை கழுவினாள், மாத்திரையைச் சரிபார்த்தாள், அளவு பார்த்தாள், நேரம் பார்த்தாள். எல்லாம் அச்சடித்தது போல இருந்தது. பெயர் மட்டும் வரவில்லை.

"டிகிரி படிச்சவ! எழுதியிருக்கிறத வாசிக்கத் தெரியாதா? வார்டுல போயி இப்பிடித்தான் ஊமையா நிப்பியா?"

அவள் தலை குனிந்துகொண்டாள். பின்வரிசையில் ஒரு சிரிப்பு கிளம்பியது. முனியாயிதான்.

"சிரிக்கிற அளவுக்கு என்னா நடந்துபோச்சு இங்க?"

"பின்ன என்னாண்ணே? மாமனார் பேர எழுதி மாட்டிவச்சு, அதச் சொல்லு சொல்லுன்னு மருமகள வெரட்டுனா, அந்தப் புள்ள என்னா செய்யும்? நீங்க பேசாம அது வாயில பிளாஸ்திரிய ஒட்டியிருக்கலாம்."

வகுப்பே சிரித்தது. வெள்ளைத்துரைக்குக் காது மடல் சுட்டது. அவர் வீட்டு வழக்கம் அது. மாமியார், மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. ரேஷன் கடையில் குடும்பத் தலைவர் பெயரைக் கேட்டபோது முத்துப்பிரியா கார்டை நீட்டி, "நீங்களே படிச்சுக்கங்க" என்றாளாம். அதைக் கேள்விப்பட்டு, எங்க வீட்டுப் பொண்ணு இப்பிடி என்று தெருவெல்லாம் பெருமை பேசியவரும் அவர்தான். அந்த ஞாபகம் வந்ததும் எரிச்சல் இன்னும் கூடியது. இதை முதல் நாளே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? சொல்வதென்றால், எந்த வாயால் சொல்வாள்?

சாயங்காலம் தண்ணீர்ச் செம்பை வைக்க வந்தவளை நிறுத்தினார்.

"நாளைக்குப் பரீட்ச. அந்தப் பேரச் சொல்லிரு. நான் உத்தரவு குடுக்குறேன்."

"சொல்ல வராது மாமா."

"அப்ப அட்டையில வேற பேர எழுதிப்புடுறேன். சோணைன்னு வச்சுட்டாப் போச்சு."

"வேணாம் மாமா. மருமகளுக்காகப் பரீட்சையவே மாத்திட்டாருன்னு பேசுவாக. அதுவும் போக, வார்டுல வந்து படுக்கிறவுக பேரையெல்லாம் மாத்த முடியுமா?"

அவளுக்கு இவ்வளவு நீளமாகப் பேச வரும் என்பதே அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

"அப்ப என்னதான் பண்ணப் போற?"

"தேறணும் மாமா. குரங்கணியில புதுசாத் தொறக்கிற கிளினிக்குல ஒரு எடம் இருக்கு. அது எனக்கு வேணும்."

மறுநாள் மதுரையிலிருந்து தேர்வு நடத்த ரேணுகா வந்தார். நரைத்த தலை, தளராத நடை. வெள்ளைத்துரைக்கு அந்த நடை பிடித்திருந்தது. முதல் ஆளாக முத்துப்பிரியாவைக் கூப்பிட்டார்கள். வெள்ளைத்துரை பொம்மைக்குப் பக்கத்தில் போய் நின்றார், "ஆமா" சொல்லத் தயாராக. தன் வீட்டுப் பெண் வாயடைத்து நிற்கப் போகிறாள், அதைத் தானே பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

முத்துப்பிரியா கை கழுவினாள். தட்டோடு வந்தாள். அட்டையைப் பார்த்தாள். பிறகு பொம்மையின் பக்கம் குனிந்தாள்.

"ஐயா, ஒங்க பேரு என்னன்னு நீங்களே சொல்லுங்க."

இத்தனை நாளில் அந்தப் பொம்மை "ஆமா" தவிர வேறு எதுவும் பேசியதில்லை. இது அவர் கற்றுக் கொடுத்த முறை அல்ல. பதில் சொன்னால் மருமகளுக்குக் கைகொடுத்த மாதிரி ஆகிவிடுமே. சொல்லாமல் நின்றால்? ரேணுகாவின் பேனா காகிதத்துக்கு மேலே நின்றது.

"ஐயா, பேரச் சொல்லுங்க. அப்பத்தான் மாத்திர தர முடியும்."

தட்டு ஆடவில்லை. குரலும் ஆடவில்லை. வெள்ளைத்துரை முதுகை நிமிர்த்தினார்.

"வெள்ளைத்துரை."

"தகப்பனார் பேரு?"

"ஜக்கையன். ராசிங்காபுரம்."

அவள் அட்டையில் விரல் வைத்து இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு மாத்திரையை எடுத்தாள். ரேணுகா டிக் அடித்தார்.

"இப்படித்தான் கேட்கணும். நீங்க இன்னாரான்னு நாமளே பேரச் சொல்லிக் கேட்டா, காது கேட்காத கிழவன் எல்லாத்துக்கும் ஆமான்னு தலையாட்டுவான். ரொம்ப நல்லாச் சொல்லிக் குடுத்திருக்கீங்க சார். மத்தவங்களும் இதே மாதிரிதானே செய்வாங்க?"

கதவோரம் நின்ற ராம்பிரசாத் கூரையைப் பார்த்தான். தான் சொல்லிக் கொடுக்கவில்லை என்று சொல்லத்தான் வெள்ளைத்துரை வாயைத் திறந்தார். மருமகள் அப்போதும் பொம்மையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செய்வாக," என்றார்.

அடுத்து முனியாயி. ஈரக் கையை உதறிக்கொண்டு, தட்டோடு ஆடி அசைந்து வந்து நின்றாள். பொம்மையின் பக்கம் திரும்பக்கூட இல்லை. நேரே அவர் முகத்தைப் பார்த்தாள்.

"ஐயா, ஒங்க பேரு என்னா? நல்லாச் சத்தமாச் சொல்லுங்க. எனக்குக் காது கொஞ்சம் மந்தம்."

அவளுக்குப் பின்னால் கதவு வரைக்கும் பெண்கள் வரிசையாக நின்றார்கள். எல்லாருடைய முகத்திலும் அதே சிரிப்பு. வெள்ளைத்துரை கண்ணை மூடித் திறந்தார்.

"வெள்ளைத்துரை," என்றார்.

"கேக்கல ஐயா."