ஆனந்தவள்ளி இருக்கும் திசை

சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்திப் பூக்கள் சூரியனைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஆனந்தவள்ளியைப் பார்க்கத் தொடங்கியது அவள் கல்யாணமாகி வந்த வருஷம், ஆவணி முதல் வாரத்தில். அன்று காலை வயலில் கிளி விரட்டிக்கொண்டிருந்தவர்களுக்குக் கஞ்சித் தூக்கை எடுத்துக்கொண்டு அவள் வரப்பில் நடந்து போனாள். கிழக்கே பார்த்து நின்ற பூக்கள் ஒன்றுவிடாமல் கழுத்தைத் திருப்பி அவளோடு கூடவே வந்தன. அவள் மோட்டார் ரூமுக்குப் போனபோது அந்தப் பக்கம் திரும்பின. கஞ்சி ஊற்றிவிட்டுத் திரும்பியபோது அவை ரோட்டுப் பக்கம் பார்த்தன. பக்கத்து வயல்காரர் இசக்கிமணி முதலில் காற்று என்று நினைத்தார். அன்று காற்றே இல்லை என்பது பிறகுதான் அவருக்கு உறைத்தது. சாயங்காலம் டீக்கடையில், பருத்தி விலைக்கும் கரண்ட் கட்டுக்கும் நடுவே, இதையும் சொன்னார். மறுநாள் ஊரே போய்ப் பார்த்தது. அவளுடைய புருஷன் மகாராஜா மட்டும் பார்க்கவில்லை. அவன் குனிந்து சொட்டுநீர்க் குழாயில் அடைப்பு எடுத்துக்கொண்டிருந்தான்.

மகாராஜா ராணுவத்தில் பதினைந்து வருஷம் இருந்துவிட்டு பென்ஷனோடு ஊருக்கு வந்தவன். குடிக்க மாட்டான், கைநீட்ட மாட்டான், வீட்டுச் செலவுக்குக் கேட்க வைக்க மாட்டான். குறை சொல்ல ஒன்றுமில்லை என்று வீரகேரளம்புதூரில் இருக்கும் ஆனந்தவள்ளியின் அண்ணன் விசாரித்துச் சொன்னது உண்மைதான். ஆனால் அவன் அவளைப் பார்ப்பதில்லை. பெண் பார்க்க வந்த அன்று அவளுக்குப் பின்னால் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அம்மா மாரித்தாய் பிடித்திருக்கிறதா என்று கேட்டதற்குச் சரி என்றான். அவள் சோறு போட்டால் தட்டைப் பார்ப்பான். பேசினால் போனைப் பார்ப்பான். கரண்ட் போய்விட்டால் இருட்டைப் பார்ப்பான். முதல் வருஷம் அவள் அதைக் கூச்சம் என்று நினைத்தாள். இரண்டாம் வருஷம் மூக்குத்தியை மாற்றினாள், கடுகு நிறத்தில் ஒரு சேலை எடுத்துக் கட்டினாள். மூன்றாம் வருஷம் அந்தச் சேலையை வயலில் கிளி விரட்டக் கம்பில் கட்டினாள். அதையும் அவன் கவனிக்கவில்லை.

பூ பார்ப்பதற்கு என்ன அர்த்தம் என்று ஊர் பல நாள் பேசியது. கோயில் பூசாரி அம்மன் அருள் என்றார். இசக்கிமணி இது கண்ணேறு, பூசணிக்காய் சுற்றிப் போடச் சொல்லவேண்டும் என்றார். வேளாண்மை அலுவலகத்திலிருந்து வந்தவர் மண் எடுத்துக்கொண்டு போனார், முடிவு வரவில்லை. மாரித்தாய்க்குத்தான் பெரிய குழப்பம். "மல்லியோ பிச்சியோ தலையில வைக்கிற பூவா இருந்தா மங்களம்னு சொல்லிட்டுப் போயிரலாம். இது செக்குல ஆட்டுத பூ. இது பாக்குததுக்கு என்னன்னு சொல்ல?" என்று வருகிறவர்களிடமெல்லாம் கேட்டாள். ஆனந்தவள்ளியிடம் யாரும் கேட்கவில்லை. முதலில் அவளுக்கு வெட்கமாக இருந்தது. பிறகு, வேறு யாரும் அப்படிப் பார்க்காததால், கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது. வரப்பில் நின்று முந்தானையைச் சரிசெய்துகொள்வாள். அதற்குப் பிறகு எரிச்சல் வந்தது.

நான்காம் வருஷம் சென்னையிலிருந்து ஒரு சினிமா கம்பெனி பாட்டு எடுக்க வந்தது. கதாநாயகி பூக்களுக்கு நடுவே ஓடினாள். பூக்கள் எல்லாம் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வரப்பு ஓரம் வேடிக்கை பார்த்த ஆனந்தவள்ளியைப் பார்த்தன. டைரக்டர் புத்திசாலி. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கேமராவுக்குப் பின்னால் போடச் சொல்லி, குடை பிடித்து, அவளை அங்கே உட்காரவைத்தார். இரண்டு நாளும் பூக்கள் கேமராவை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. அந்த இரண்டு நாளும் மகாராஜா அவள் பக்கத்தில்தான் நின்றான், டைரக்டருடைய சின்ன டிவியில் தன் வயலைப் பார்த்துக்கொண்டு. படம் வந்தபோது அந்தப் பாட்டை வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்த்தார்கள். அத்தனை பூவும் திரையிலிருந்து நேரே ஆனந்தவள்ளியைப் பார்த்தன. அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். டிவியில் பூக்கள் அடுப்படிப் பக்கம் திரும்பின. மாரித்தாய் சத்தத்தைக் குறைத்தாள்.

அதற்கு அடுத்த வருஷம்தான் விஷயம் முற்றியது. ஆடிச் சாரல் நேரம். ஆனந்தவள்ளி பல் வலி, தென்காசி ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. குற்றாலத்துக்குப் போய்ப் பழைய அருவியில் பெண்கள் பக்கம் நின்று வெகுநேரம் குளித்தாள். தண்ணீர் தலையில் விழும்போது எதிரே இருக்கும் ஆளின் முகம் தெரியாது, தன் முகமும் யாருக்கும் தெரியாது. அதற்காகத்தான் போனாள். தலையைத் துவட்டி, வெயிலில் முடி காயவைத்து, மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது மாரித்தாய் மொட்டைமாடியிலிருந்து இறங்கி வந்தாள். மாடியிலிருந்து பார்த்தால் வயல் முழுக்கத் தெரியும். தென்காசி என்றால் பூ நேர் மேற்கே பார்க்கவேண்டும், அன்று தெற்கே சாய்ந்து பார்த்திருக்கிறது. மகாராஜா போனிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான்.

"குத்தாலம் போயிருந்தியா?"

ஆனந்தவள்ளி சோறு போட்டாள். அறுவடை முடியட்டும் என்று அப்போதே மனதில் முடிவு செய்துகொண்டாள்.

புரட்டாசியில் பூவையெல்லாம் அறுத்து, தட்டையைப் பிடுங்கி, வயலை உழுதுபோட்டார்கள். சுற்றுவட்டாரத்தில் ஒரு சூரியகாந்திகூட நிற்கவில்லை. கார்த்திகை மழையில் செம்மண் ஊறிக் கிடந்த ஒரு காலை, ஆனந்தவள்ளி ஒரு பையோடு பஸ் ஏறிப் போனாள். எந்தத் திசை என்று சொல்ல எதுவும் முளைத்திருக்கவில்லை. அண்ணன் வீட்டில் அவள் இல்லை. மூன்றாம் நாள் மகாராஜா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனான். ஏட்டையா அடையாளம் கேட்டார். உயரம் கேட்டதற்கு மகாராஜா தன் தோளுக்கு நேராகக் கையை வைத்தான், பிறகு கொஞ்சம் இறக்கினான், பிறகு ஏற்றினான். மச்சம் எங்கே என்றதற்குத் தெரியாது என்றான். கல்யாணப் போட்டோவைக் கொடுத்தான். மாலையும் நெற்றிச்சுட்டியும் பவுடருமாக இருந்த அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, "இது ஆருக்க முகமாவும் இருக்கலாமே அண்ணாச்சி" என்றார் ஏட்டையா.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அடையாளம் கேட்டான். "வலது தாடையில தழும்பு இருக்குலா. நீ கட்டிட்டு வந்த வருசம் மோட்டார் பெல்ட் அறுந்து அடிச்சுது. ரத்தம் ஒழுக ஒழுக நீதானலே வண்டியில வச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன" என்றாள். அவனுக்கு அந்த நாள் ஞாபகம் இருந்தது. ரோட்டில் இருந்த பள்ளங்கள்கூட ஞாபகம் இருந்தன. பின்னால் உட்கார்ந்திருந்தவளின் முகம்தான் வரவில்லை. அந்த மார்கழியும் தையும் அவன் வீட்டில் அவள் விட்டுப்போன சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தான். சீப்பில் நீளமான முடி இருந்தது. செருப்பின் இடது குதிகால் தேய்ந்திருந்தது. இவ்வளவு தேய்கிற மாதிரி எங்கே நடந்தாள் என்று யோசித்தான்.

ஆனியில் விதைத்தது ஆடியில் பூத்தது. பூத்த முதல் நாளே அத்தனை வயலும் மேற்கே பார்த்தன. காலையில் சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மலையைப் பார்த்து நின்றன. மகாராஜா ஒரு செடியை வேர்மண்ணோடு தோண்டி பெயிண்ட் வாளியில் வைத்து, டிவிஎஸ் எக்ஸலின் கால் வைக்கும் இடத்தில் நிறுத்திக்கொண்டு புறப்பட்டான். தென்காசியில் வண்டியை ஓரங்கட்டிப் பூவைப் பார்த்தான். அது குற்றாலம் ரோட்டைச் சட்டைசெய்யவில்லை, செங்கோட்டைப் பக்கம் நிமிர்ந்து நின்றது. செங்கோட்டையிலும் நிற்காமல் மேற்கே பார்த்தது. கேரளா லாரிகள் வரிசைகட்டி நின்ற புளியறையில், செக்போஸ்ட்டைத் தாண்டுவதற்கு முன்னால், பூ சடக்கென்று இடப்பக்கம் திரும்பியது. அங்கே தகரக் கூரை போட்ட ஒரு சாப்பாட்டுக் கடை இருந்தது.

கடைக்காரி சுல்தான் பீவி கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்ன அண்ணாச்சி, பூவை வண்டில ஏத்திக்கிட்டு வந்திருக்கீங்க?" என்றாள். அவன் பதில் சொல்வதற்குள் ஆனந்தவள்ளி பொரட்டாவுக்கு மாவு பிசைந்த கையோடு வெளியே வந்தாள். வாளியில் இருந்த பூ அவள் பக்கம் வளைந்தது. மகாராஜா முதலில் பூவைப் பார்த்தான், பிறகு பூ பார்த்த இடத்தைப் பார்த்தான். வலது தாடையில் காதுக்குக் கீழே ஒரு கோடு இருந்தது.

"வலிச்சுதா?" என்றான்.

"எது?"

"பெல்ட் அடிச்சது."

"அஞ்சு வருசம் ஆச்சு" என்றாள் ஆனந்தவள்ளி. "இப்பவா கேக்குதீங்க?"

அவன் வாளியைக் கீழே இறக்கி வைத்தான். "வீட்டுக்குப் போவம். நான் இனிமே பாக்கேன்" என்றான். ஆனந்தவள்ளி கையிலிருந்த மாவை உருட்டிக்கொண்டே நின்றாள்.

"வேண்டாம்ங்க. இங்கன வாறவங்க இலையப் பாக்காங்க, குழம்பப் பாக்காங்க, செக்போஸ்ட்டுல எத்தனை வண்டி நிக்குன்னு பாக்காங்க. நான் எங்க போனேன் எங்க வந்தேன்னு ஒருத்தரும் கேக்கல. நீங்க ஒரு நாளும் பாக்கல, அந்தப் பூ ஒரு நிமிசமும் பாக்காம இருக்கல. ரெண்டுக்கும் நடுவுல எனக்கு மூச்சு முட்டிருச்சு." பிறகு கடைக்குள்ளே கைகாட்டிச் சொன்னாள், "சாப்பிட்டுட்டுப் போங்க."

அவன் சாப்பிட்டான். அவள்தான் பரிமாறினாள். இலையைப் பார்க்காமல் அவளையே பார்த்துச் சாப்பிட்டதில் குழம்பு சட்டையெல்லாம் சிந்தியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த லாரி டிரைவர் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். அவள் எடுத்துக்கொண்டு போகச் சொன்னதால் வாளியையும் திரும்ப வண்டியில் ஏற்றினான். ஊர் வந்து சேரும்வரை பூ அவன் விலா இடுக்கு வழியாகப் பின்னாலேயே பார்த்துக்கொண்டு வந்தது.

தென்காசி கோர்ட்டில் இருவரும் சம்மதித்து விவாகரத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். விசாரணைக்கு வந்த நாட்களில் அவன் அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தான், அவள் குடித்தாள். அவ்வளவுதான். பூக்கள் மேற்கேயே பார்த்தன. குற்றாலத்தில் குளித்துவிட்டு அப்படியே வயலில் போட்டோ எடுக்க வரும் கேரளாக்காரர்கள் மேற்கு வரப்பில் போய் நிற்கப் பழகிக்கொண்டார்கள். ஒரு வருஷம் பூக்கள் பட்டப்பகலில் தலையைத் தொங்கப் போட்டன. மாரித்தாய் மாடியிலிருந்து அதைப் பார்த்துவிட்டு, தூக்கில் கஞ்சியும் பருப்புத் துவையலும் எடுத்துக்கொண்டு புளியறைக்குப் பஸ் ஏறினாள். ஆனந்தவள்ளிக்கு டெங்கு காய்ச்சல். நான்கு நாள் கூட இருந்து பார்த்துவிட்டு, பூ நிமிர்ந்துவிட்டது என்று மகன் போனில் சொன்ன பிறகுதான் ஊர் திரும்பினாள். மருமகள் இல்லை என்று ஆன பிறகு மாரித்தாய்க்கு அவளைப் பிடித்துப்போனதாக ஊரில் பேசிக்கொண்டார்கள்.

சுல்தான் பீவியின் மகள் மலேசியாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தாள். ஆனந்தவள்ளியின் கைப்பக்குவத்தை அம்மா சொல்லக் கேட்டு அவளை அழைத்தாள். போன ஆடி மாதம் ஒரு காலை பூக்கள் தென்மேற்கே, திருவனந்தபுரம் பக்கம் திரும்பி நின்றன. கொஞ்ச நேரத்தில் எல்லாம் முகத்தை வானத்துக்குத் தூக்கின. வயலில் இருந்தவர்கள் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு மேலே பார்த்தார்கள். மேகத்துக்குப் பின்னால் ஒரு சத்தம் மட்டும் போனது. பூக்கள் அந்தச் சத்தத்தோடு கழுத்தை மெல்ல மெல்லச் சாய்த்துக்கொண்டே போயின.

"ஏலே மகாராஜா, ஏறிட்டா போல" என்றார் இசக்கிமணி.

"ஆமா அண்ணாச்சி. மெட்ராஸ் போயி அங்கன இருந்து மலேசியா. அம்மாட்ட சொல்லிருக்கா" என்றான் மகாராஜா. சத்தம் அடங்கும்வரை நின்றுவிட்டு, மோட்டாரை நிறுத்தப் போனான்.

அன்று ராத்திரிக்குள் பூக்கள் கிழக்கே திரும்பிவிட்டன. இப்போது காலையும் மாலையும் கிழக்கேதான் பார்க்கின்றன. வருகிறவர்களில் விவரம் தெரிந்த யாராவது, சாயங்காலம்கூட இவை ஏன் கிழக்கே பார்க்கின்றன, அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று கேட்பதுண்டு. வரப்பில் நிற்பவர்கள் மகாராஜாவைப் பார்ப்பார்கள். அவன் கேட்டவரின் முகத்தை நேராகப் பார்த்து, "முத்துன பூ கிழக்கதான் பாக்கும் சார், அது அதுக்க இயற்கை" என்று சொல்வான். வேளாண்மை அலுவலகத்திலும் அதைத்தான் சொல்கிறார்கள்.