பேதுருவின் மாமியார் வரும் நாள்

“மறுபடியும் அந்த மைக்கா? உனக்கு வெக்கமே—”

“வெக்கம் இருக்கிறதாலதான் மதினி வந்து கேக்குறேன்—”

“—கிடையாதா? அதே வாயி, அதே தென்னமரத்து ஸ்பீக்கரு—”

“—நாலே வார்த்தை, மன்னிச்சுக்கோங்க அத்தைன்னு ஊர் கேக்கச் சொல்லிட்டு இறங்கிடுறேன்—”

“நான் பேசுறப்ப குறுக்க பேசாத ஃபெலிசா!”

“நீங்கதான் மதினி குறுக்க பேசுறீங்க!”

ஹெர்மினியா மீன் செதில் உரசிக்கொண்டிருந்த கத்தியை நிறுத்தினாள். அவள் அடுக்களைக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரு மூங்கில் தட்டிதான். அங்கே உப்புப் போடுவதுகூட எனக்குக் கேட்கும்.

“என் அம்மா எந்திரிச்சு உக்கார முடியாமக் கெடக்குறா. யாரால?”

“என்னாலதான். இல்லேன்னு சொன்னேனா?”

“ஊரையே சிரிக்க வச்சியே!”

“நீங்களும்தான் சிரிச்சீங்க. அதை ஃபோன்ல புடிச்சு குவைத்துல இருக்கிற உங்க மகளுக்கு அனுப்பி வச்சது யாரு? நானா?”

ஹெர்மினியாவின் கத்தி மறுபடி மீன்மேல் ஓட ஆரம்பித்தது, முன்னைவிட வேகமாக.

எங்கள் தீவுக்குச் சாமியார் மாதம் ஒருமுறைதான் படகேறி வருவார். மற்ற நாட்களில் விடிந்ததும் கோயில் மைக்கில் அன்றைய நற்செய்தி வாசகத்தை யாராவது வாசிப்பார்கள். வாசித்தபின் தன் வாழ்க்கையிலிருந்து ஒரு சிந்தனை சொல்ல வேண்டும். வீட்டு வரிசைப்படி முறை வரும். கோயிலைப் பார்த்துக்கொள்ளும் சிரியாக்கோ அண்ணன் அதில் கறார். “பிரசங்கம் சாமியாரு பண்ணுவாரு. நீங்க உங்க வீட்டுல நடந்ததைச் சொல்லுங்க” என்பார். அப்படித்தான் எங்கள் வீடுகளின் குடிகாரக் கணவன்களும் ஓடிப்போன பன்றிகளும் உவமைகளாகித் தென்னை மரத்து ஒலிபெருக்கி வழியாகக் கடல்வரைக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை.

ஜனவரியில் ஃபெலிசா முறை. பேதுருவின் மாமியார் காய்ச்சலாகக் கிடந்த வாசகம். இயேசு வந்து கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். காய்ச்சல் போயிற்று. அந்த அம்மாள் உடனே எழுந்து எல்லோருக்கும் பணிவிடை செய்தாள். ஃபெலிசா அழகாக வாசித்தாள். பிறகு சிந்தனைக்கு வந்தாள்.

“எங்க வீட்டுலயும் ஒரு மாமியார் இருக்காங்க. டெங்கு காய்ச்சல் விட்டு ரெண்டு வருஷம் ஆச்சு. டாக்டரு காலுல ஒண்ணுமில்லேன்னுட்டாரு. ஆனா சோறு வெந்த வாசனை வந்தாத்தான் கண்ணே முழிப்பாங்க. ஆண்டவரே, எங்க வீட்டுப் பக்கமும் ஒரு தடவை வந்துட்டுப் போங்க!”

கோயிலில் இருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள். வழியெல்லாம் ஆள் நிறுத்திப் பாராட்டியதில் அவள் வீடு போய்ச் சேரவே நேரமாயிற்று. போனால் மாமியார் அப்பலோனியா அடுக்களைத் தரையில் கிடக்கிறாள். இடுப்பெலும்பு போய்விட்டது.

கேலி பொறுக்காமல் எழுந்திருக்கிறாள், விழுந்திருக்கிறாள். ஊர் அப்படித்தான் பேசியது. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே தன் வீட்டுக்கு அம்மாவைத் தூக்கி வந்துவிட்டாள் ஹெர்மினியா. ஃபெலிசாவின் புருஷன் இசித்ரோ கடலிலிருந்து வந்தால் அக்காள் வீட்டில்தான் சாப்பிட்டு, அம்மாவின் காலடியிலேயே படுத்துக்கொள்கிறான். ஃபெலிசா தினமும் முருங்கைக்கீரை சூப்பு வைத்துக் கொண்டுவந்து வாசலில் கொடுத்துவிட்டுப் போவாள். கிண்ணம் கழுவித் திரும்பி வரும். ஆள் திரும்பி வரவில்லை. மாமியாரை வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டும் என்ற ஒரே நினைப்புத்தான் அவளுக்கு.

செப்டம்பரில் பேதுருவின் அதே மாமியார் மறுபடி வாசகத்தில் வருகிறாள். ஜனவரியில் மாற்கு சொன்னது, இப்போது லூக்கா சொல்வது. வரிசை எப்படிச் சுற்றியதோ, மறுபடியும் ஃபெலிசா வீட்டு முறை. சிரியாக்கோ அண்ணன், “வேற ஆளப் போடட்டுமா தங்கச்சி?” என்று கேட்டாராம். வேண்டாம் என்றிருக்கிறாள்.

“ஊருக்கு முன்னாடி பேசினது, ஊருக்கு முன்னாடியே திருப்பி எடுத்துக்கணும் மதினி. அப்பத்தான் அத்தை வருவாங்க.”

“வருவா வருவா. பல்லக்கு அனுப்பு.”

“அப்ப நான் என்னதான் செய்ய?”

உள்ளேயிருந்து குரல் வந்தது.

“ரெண்டு பேரும் வாயை மூடுங்கடி. மீனு நாறுது. ஹெர்மினியா, அவள உள்ள விடு.”

எட்டு மாதத்தில் முதல் தடவை. மீன் உரசும் சத்தம் நின்றுபோயிற்று. அப்பலோனியா படுத்திருக்கும் அறை ஜன்னலுக்கு நேரே என் துணிக்கொடி. காய்ந்துவிட்ட துணியை மறுபடி உதறிப் போட்டுக்கொண்டு நின்றேன்.

“என்ன பேசப் போற? எனக்கு மொதல்ல சொல்லு” என்றாள் அப்பலோனியா.

ஃபெலிசா மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். அதை அப்படியே சொன்னாள். தான் பாவி என்றும், அத்தை தாய்க்குச் சமம் என்றும், காய்ச்சல் தன் நாக்குக்குத்தான் வந்திருந்தது என்றும், ஆண்டவர் அதைத் தொட்டுக் குணமாக்க வேண்டும் என்றும். நன்றாகத்தான் இருந்தது. எனக்கே கண் கலங்கியது.

“முடிஞ்சுதா?”

“முடிஞ்சுது அத்தை.”

“மொதத் தடவை சிரிக்க வச்ச. நாளைக்கு அழ வைப்ப. ரெண்டு தடவையும் நான்தான் படுத்துக் கெடக்கணுமா?”

அப்பலோனியாவே தொடர்ந்தாள்.

“அன்னிக்கு நீ சொன்ன பகடி எனக்குச் சரியாக் காதுலயே விழல.”

“அம்மா, அவளுக்காகப் பொய் சொல்லாதீங்க. கடல் வரைக்கும் கேட்டுச்சு” என்றாள் ஹெர்மினியா.

“வாசகம் முடியுறதுக்குள்ள நான் காலைக் கீழ வச்சுட்டேன்டி. அப்புறம் யாரு பேச்சைக் கேட்டா?”

“என்னம்மா சொல்றீங்க?”

“கையைப் புடிச்சுத் தூக்கிவிட்டாருன்னு இவ வாசிச்சா. நல்லாத்தான் வாசிச்சா. தொண்டைக்கு ஒரு குறையும் கிடையாது. எனக்கு என்னைத்தான் கூப்பிடுற மாதிரி இருந்துச்சு. காலை ஊனினேன். நின்னுச்சு. செவுத்தைப் புடிச்சுக்கிட்டு அடுக்களைக்குப் போனேன். ரெண்டு வருஷம் கழிச்சு என் கையால ஒரு தீக்குச்சி கிழிச்சேன். பானையை ஏத்தினேன். அப்ப ஸ்பீக்கருல எல்லாரும் சிரிக்கிறாங்க. ஏதோ நல்ல விசேஷம் போலன்னு நானும் கூடச் சேர்ந்து சிரிச்சேன்.”

கொடிமேல் இருந்த என் கை அப்படியே நின்றது.

“அப்புறம்?” என்றாள் ஹெர்மினியா, சத்தமே வராமல்.

“அப்புறம் என்ன? கரண்டி விழுந்துச்சு. குனிஞ்சேன். சாமி தூக்கிவிட்டாரு, சரி. குனியச் சொல்லலையே.”

அப்பலோனியா சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

“இதை ஏம்மா இத்தனை நாளாச் சொல்லல?”

“சொன்னா? கெழவிக்கு மூளை கலங்கிடுச்சும்பீங்க. இல்லேன்னா தூக்கினவரு ஏன் கீழ போட்டாருன்னு அந்தச் சிரியாக்கோ மைக்கைப் புடிச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் பேசுவான். ஊரு முழுக்க நான் வெக்கப்பட்டு எந்திரிச்சேன்னு சொல்லுது. நான் சந்தோசப்பட்டுல்ல எந்திரிச்சேன்?”

“அத்தை...”

“இரு. நீ வந்த. நான் தரையில கெடக்கேன். வலி அப்பத் தெரியவே இல்ல. ‘ஃபெலிசா, நடந்துட்டேன்டி’ன்னு சொல்ல வாயெடுத்தேன். நீ என்ன கேட்ட?”

ஃபெலிசா கதவுப் பக்கம் நகர்ந்தாள்.

“சொல்லு. ஊர் கேக்கச் சொல்லுறேன்னியே, எனக்குச் சொல்லு.”

“‘யாரு உங்கள எந்திரிக்கச் சொன்னா?’ன்னு கேட்டேன்.”

“கேட்ட. அடுப்பை அணைச்ச. தரையில சிந்தின தண்ணியைப் பாத்து ஐயோன்ன. அதுக்கப்புறம்தான் என்னைப் பாத்த.”

ஃபெலிசா, “வீட்டுக்கு வாங்க அத்தை” என்றாள்.

“எனக்குத் தூக்கம் வருது. போங்க ரெண்டு பேரும்.”

மறுநாள் விடிந்ததும் ஒலிபெருக்கி கரகரத்தது. வழக்கமாக அந்த நேரத்தில் அடுப்பு மூட்டும் சத்தம் வீட்டுக்கு வீடு கேட்கும். அன்று எதுவும் கேட்கவில்லை. என்ன சொல்லப்போகிறாள் என்று தெரிய ஊரே காதைக் கொடுத்திருந்தது. ஃபெலிசா வாசித்தாள். இயேசு அந்த அம்மாளின் பக்கத்தில் நின்று காய்ச்சலை அதட்டினார். அது அவளை விட்டுப் போயிற்று.

தட்டிக்கு அந்தப் பக்கம் அப்பலோனியாவின் குரல்: “இதுல கையைப் புடிக்கிறது வராது. அதட்டுறதோட சரி.”

வாசகம் முடிந்தது. சிந்தனை வரவில்லை. ஒலிபெருக்கியில் காற்று மட்டும் இரைந்தது. யாரோ இருமினார்கள்.

“பேசு தங்கச்சி. சிந்தனை?” சிரியாக்கோ அண்ணன் தள்ளி நின்று கேட்பதும் மைக்கில் விழுந்தது.

“இன்னிக்கு இவ்வளவுதான் அண்ணே.”

“ஏம்மா, ஊரே கேட்டுக்கிட்டு—”

மைக் நின்றுவிட்டது.

கொஞ்ச நேரத்தில் ஃபெலிசா சந்துக்குள் வந்தாள். கையில் கிண்ணம் இல்லை. ஹெர்மினியா வாசலில் நின்றாள்.

“ஏன்டி பேசல?”

“பேச என்கிட்ட ஒண்ணுமில்ல மதினி.”

“நேத்து அவ்வளவு மனப்பாடமாச் சொன்ன?”

“அது அத்தையைப் பத்தினது இல்ல. என்னைப் பத்தினது.”

ஹெர்மினியா வழி விட்டாள். ஆனால் ஃபெலிசா உள்ளே போகவில்லை. வீட்டைச் சுற்றி ஜன்னலடிக்கு வந்தாள். துணிக்கொடியருகே நின்ற என்னைப் பார்த்தாள், நான் இருப்பதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை. உள்ளே அப்பலோனியா சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். விழித்திருக்கிறாள் என்பது அவள் முதுகிலேயே தெரிந்தது. கட்டிலின் கால்மாட்டில் இசித்ரோ பாயைச் சுருட்டி வைத்துவிட்டுப் படகுக்குப் போயிருந்தான்.

“அத்தை.”

முதுகு அசையவில்லை.

“அன்னிக்கு உங்களை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம். திரும்பி வந்து பாத்தா பானையை யாரோ கழுவிக் கவுத்தி வச்சிருந்தாங்க. அதுக்கு முன்னாடி நான் மூடியைத் தெறக்கவே இல்ல. இத்தனை நாள்ல எனக்கு அது ஞாபகமே வரல, ராத்திரி பூரா அதையேதான் நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன்.”

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“அன்னிக்குப் பானையில எனக்கு என்ன வச்சீங்க அத்தை?”